கரண்ட் போன நேரத்தில் சேர்மனுக்கு ஊசி

விசைத்தறித் தெருவில் ரகசியத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். காதோடு காதாகச் சொன்னால் அது காதுக்கே போய்ச் சேராது. சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த தெருவில் வீட்டுக்கு வீடு தறி. தடக்கு தடக்கு என்று விடிந்து, தடக்கு தடக்கு என்றே இருட்டும். புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொண்டால்கூடத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இதில் ஒரே ஆபத்து கரண்ட். பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று போய்விடும். அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றுவிடும். வாக்கியத்தின் பின்பாதி மட்டும் தெரு முழுக்கத் தன்னந்தனியாக முழங்கும். "…அண்ணாச்சிக்கு மட்டும் தெரியக்கூடாது, கேட்டியா!" என்று யாரோ யாருக்கோ கத்தியது, அந்த அண்ணாச்சியின் வாசலிலேயே போய் விழும். எங்கள் தெருவில் யாரும் பத்திரிகை வாங்கியதில்லை. தேவைப்படவில்லை.

என் மானம் போனதும் அப்படி ஒரு மின்வெட்டில்தான். கரண்டும் பூனையும் கூட்டுச் சேர்ந்து அதைக் கொண்டுபோயின.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமான புதுசு. கோமதிக்கு ராயகிரி. வரும்போது கட்டில், பீரோ, பித்தளை அண்டா, ஒரு செவலைப் பூனை ஆகியவற்றோடு வந்தாள். முதல் மூன்றும் பெண் வீட்டார் கொடுத்தது. பூனை தானாகவே வேனில் ஏறி, அண்டாவுக்குள் படுத்துக்கொண்டு வந்தது. வந்த அன்று மாலையே தெருவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. மீசையும் தொந்தியுமாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சாக்கடையாக நின்று எட்டிப் பார்க்கும், எதையும் சரிசெய்யாது, அடுத்த சாக்கடைக்குப் போய்விடும். தெருவே சேர்ந்து அதற்குச் சேர்மன் என்று பெயர் வைத்துவிட்டது.

நான் பகலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், மாலையில் கவிஞன். (மாலையில் என்றால் ஆபீஸ் விட்ட பிறகு என்று என் அதிகாரி நினைத்துக்கொண்டிருந்தார்.) வேல், வாள், அம்பு என்று கூர்மையானவை எல்லாம் என் வரிகளில் வரும். நேரில் ஒரு குண்டூசியைப் பார்த்தால் முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடும். பள்ளிக்கூடத்தில் அம்மைப்பால் குத்த வந்த அன்று, ஜன்னல் வழியாக வெளியேறியவன் நான். அது தெரியாமல் கோமதி என்னைக் கட்டிக்கொண்டாள், பாவம்.

வளைகாப்பு முடிந்து அவளை ராயகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். காரில் ஒரு கால் வைத்தவள் திரும்பிச் சொன்னாள்:

"இந்தா பாருங்க, நான் பிள்ளையோட திரும்பி வரும்போது சேர்மன் வாசல்ல நிக்கணும். இல்லன்னு வைங்க, வந்த வண்டியிலேயே திரும்பிருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கோமதி சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் இதுவரை செய்யாமல் விட்டதில்லை.

பெண்டாட்டி ஊருக்குப் போன வீட்டு ஆம்பிளைக்கு யாரும் ஒரு வாய் சோறு கொடுக்க மாட்டார்கள். அந்த வீட்டுப் பூனைக்குத் தெருவே கொடுக்கும். "தாயில்லாப் பிள்ளை மாதிரி நிக்கே" என்று டீயில் நனைத்த பன், ஒருவர் வீட்டில் சீனி போட்ட பால், இன்னொரு வீட்டில் பாயசத்தின் அடி. நான் ஓட்டல் சாம்பாரில் மெலிய மெலிய, சேர்மன் கல்யாண மண்டபத்துத் தலையணை மாதிரி ஊதினார். (அந்தக் காலகட்டத்திலிருந்து நான் அவரை அவர் என்றே சொல்லி வந்தேன். அந்த உடம்புக்கு அது என்று சொல்ல நா வரவில்லை.)

பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ராயகிரி போய்ப் பார்த்து வந்தேன். அந்தச் சமயத்தில்தான் சேர்மன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். பூனை குடிக்கிற மாதிரி இல்லை. பாலைவனம் குடிக்கிற மாதிரி. வாளி, அண்டா, கோலம் போட வைத்த சொம்பு, எதையும் விடவில்லை. குடித்தது எல்லாம் கொல்லையில் திரும்ப வந்தது. தின்னத் தின்ன மெலிந்தார். ஊதிய தலையணையில் பஞ்சை உருவிவிட்ட மாதிரி தோல் தொங்கியது.

ஒருநாள் அடுத்த வீட்டு செல்லையா அண்ணாச்சி, எட்டுத் தறிக்கு முதலாளி, சுவர் வழியாக எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"தம்பி! உம்ம பூனை இருந்துட்டுப் போன எடத்தப் பாரும்! எறும்பு மொய்க்கு!"

"அதுக்கு என்ன அண்ணாச்சி?"

"என்னவா? சீனி வியாதி வே! எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் எறும்பு வந்து சொல்லுச்சு!"

கோணிப்பையில் கழுத்து மட்டும் தெரிய சேர்மனைச் சுருட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்னால் இரண்டு எருமை, ஒரு சினை ஆடு. எங்கள் முறை வந்தது. டாக்டர் எங்கள் தெருமுனையில்தான் குடியிருந்தார், தெரிந்தவர்தான். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூனையா?"

"ஆமா சார்."

"பூனைக்கு நான் வைத்தியம் பாத்ததே இல்ல. காலேஜ்ல பூனைப் பாடம் ஒருநாள்தான் நடந்துச்சு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்."

ஆனாலும் நல்ல மனுஷன். மெட்ராஸில் தனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்கு ட்ரங்க் கால் போட்டார். அவர் இங்கிருந்து கத்திய கத்தலில் டெலிபோனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும் என்று எனக்குப் பட்டது. ஒருவழியாக வைத்துவிட்டு வந்து சொன்னார்:

"இன்சுலின் போடணும். மனுசங்களுக்குப் போடுறதேதான். துளியூண்டு. காலையும் சாயங்காலமும், தீனி தின்ன உடனே. இனிப்புப் பண்டம் கூடாது. நேரம் தப்பக்கூடாது."

"நீங்களே தினமும் வந்து…"

"நான் மாட்டுக்கு ஊசி போடுத கை. என் கைக்கு இது தாங்காது. நீங்கதான் போடணும்."

நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்தேன். இல்லை.

தரையிலிருந்த எனக்கு அவர் குனிந்து இன்னொன்றும் சொன்னார்: "மருந்து கூடிப் போச்சுன்னாலும் ஆபத்து. நடை தள்ளாடும், கண்ணு சொருகும். உடனே சீனித்தண்ணிய ஈறுல தடவணும். அசந்தா ஆளு காலி."

ராயகிரியில் பச்சை உடம்போடு கிடக்கிறவளிடம் இதைச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. "சேர்மன் எப்படி இருக்கு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு" என்றேன். கையிலும் முகத்திலும் கோடு கோடாக இருந்த கீறல்களைப் பார்த்து மாமனார் விசாரித்தார். கருவ முள் என்றேன். ஒரு கூட்டுறவுச் சங்க எழுத்தர் வாராவாரம் எதற்குக் கருவங்காட்டுக்குள் புகுந்து வருகிறான் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் யோசித்தார். யோசிக்கும்போது அவருடைய மீசையின் வலது நுனி மட்டும் உயரும்.

இப்போது என் ஒரு நாளைச் சொல்லுகிறேன். தெருவில் யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. இன்சுலின் குப்பியை பிளாஸ்டிக் பையில் முடிந்து, ஈர மணல் போட்ட மண்பானையில் சாமி மாதிரி எழுந்தருளப் பண்ணியிருந்தேன். எழுந்ததும் கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் சட்டியில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். அதைக் கொதிக்க வைக்கும்போதே எனக்குத் தலை சுற்றும். ஆனால் இதெல்லாம் இரண்டாவது. முதலில் சோதனை.

மருந்துக்கடையில் நீலமாக ஒரு திரவம் கொடுப்பார்கள். சோதனைக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்துக்குப் போனால் மோசம். எத்தனையோ அந்திவானத்தைப் பாடியவன் நான். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் வானம் வெளுத்து, மஞ்சள் பூசி, சிவந்து இறங்குவதை மூக்கைப் பொத்திக்கொண்டு அன்றுதான் பார்த்தேன்.

சரி, அந்தச் சில சொட்டு எங்கிருந்து வரும்? பூனையிடம் கேட்டு வாங்க முடியாது. நீளமான கம்பு ஒன்றின் நுனியில் தேங்காய்ச் சிரட்டையைக் கட்டினேன். சேர்மன் முன்னால் நடக்க, நான் பத்தடி பின்னால், சிரட்டையை ஏந்திக்கொண்டு, அவர் வாலையே பார்த்தபடி. அவர் நின்றால் நிற்பேன். அவர் சாக்கடையை எட்டிப் பார்த்தால் நானும் பார்ப்பேன். அவர் குந்தினால் பாய்வேன். அவர் எழுந்து, நான் பாய்ந்ததை வெறுப்போடு பார்த்துவிட்டு, வேறு இடத்துக்குப் போவார். தெருவில் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"சேர்மனுக்குப் பின்னால யாரு போறா?"

"பி.ஏ. போறாரு!"

(நான் படித்தது எம்.ஏ. அதைச் சொல்லித் திருத்துகிற நிலையில் இல்லை.)

ஊசி போடுவதுதான் பெரும்பாடு. துண்டில் சுருட்டினேன், துண்டு கிழிந்தது. கோணியில் சுருட்டினேன், நான் கிழிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன், தலையணையில் குத்தியிருந்தேன். தலையணைக்கு அன்று சீனி நன்றாகக் குறைந்திருக்கும்.

வழி காட்டியது அண்ணாச்சிதான். காட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது, திட்டினார். "உம்ம பூனை என் தறிக்கூடத்துல துணிக்கட்டு மேல ஏறிப் படுத்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்கு! தறி ஓடுத மட்டும் பிணம் மாதிரி கெடக்கு!"

போய்ப் பார்த்தேன். உண்மை. அந்தத் தடக்கு தடக்கு துணிக்கட்டு வழியாக அவர் வயிற்றுக்குள் இறங்கி அவரைத் தாலாட்டியது. காதைத் திருகினேன், அசைவில்லை. கழுத்துத் தோலைத் தூக்கினேன், அசைவில்லை. கையில் சிரிஞ்ச். உதட்டைக் கடித்துக்கொண்டு, தறியின் தாளத்துக்கு இசைவாக, தடக்கு என்னும்போது இறக்கி, தடக்கு என்னும்போது அழுத்தி, தடக்கு என்னும்போது எடுத்துவிட்டேன். சேர்மன் கொட்டாவிகூட விடவில்லை. நான் கூடத்துக்கு வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தேன். வெயில் மழையாகப் பெய்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒரு முழு தோசை தின்றேன்.

அதற்கப்புறம் கை பழகிவிட்டது. பயம் போகவில்லை, பயத்தோடு கை தனியாக வேலை பார்க்கக் கற்றுக்கொண்டது. ஊசி இறங்கினால் கட்டைவிரல் தானாக அழுத்தும். இந்தக் கட்டைவிரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல் ஆரஞ்சானது, ஆரஞ்சு மஞ்சளானது. சேர்மன் தோலுக்குள் மெல்ல மெல்ல மறுபடியும் ஆள் வந்தார். தெருவில் வீடு வீடாகப் போய், பன் போடாதீர்கள் என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கெஞ்சினேன். கோமதி வருகிற நாளும் குறித்தாகிவிட்டது. அவள் வரும்போது சேர்மன் வாசலில் நிற்பார். ஊசி, குழாய், சிரட்டை எல்லாம் பரணில் கிடக்கும். தினம் இரண்டு தடவை மட்டும் அவளுக்குத் தெரியாமல் தறிக்கூடத்துக்குப் போய்வந்தால் போதும். வாழ்நாள் முழுக்க அப்படியே ஓட்டிவிடலாம் என்று திட்டம். (இந்தத் திட்டத்தைப் போட்டவனுக்குத்தான் நூல் கணக்கைக் கொடுத்து வைத்திருந்தார்கள் அந்தச் சங்கத்தில்.)

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவதாகச் சொன்னவர்கள், ராகுகாலம் பார்த்து முன்னாலேயே கிளம்பி, நான் சேர்மனுக்கு மீன் வைத்துவிட்டு ஊசியைக் கொதிக்க வைத்திருந்த நேரத்தில் வந்து இறங்கினார்கள். கோமதி, துணிக்குள் மூக்கு மட்டும் தெரியும் என் மகள், அத்தை, மாமா. டிக்கியிலிருந்து தாம்பாளம் தாம்பாளமாக அதிரசம், முந்திரிக்கொத்து, லட்டு இறங்கின. இறங்கிய ஒவ்வொரு தாம்பாளத்தையும் மாமாவின் கண் வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. அவருக்குச் சீனி வியாதி. ஒரு வருஷமாக அவர் காப்பிக்கே சீனி கிடையாது. அத்தை அப்படி ஒரு காவல்.

ஆரத்தி எடுத்தார்கள். கோமதி வாசல்படியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"சேர்மன் எங்க?"

"அண்ணாச்சி தறிக்கூடத்துல தூங்குது. இரு, தூக்கிட்டு வாரேன்."

கொதித்த சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, துணியில் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே மாமா. "நானும் வாரேன் மாப்ள. தறி ஓடுததப் பாத்து நாளாச்சு."

கூடத்தில் எட்டுத் தறியும் வெறிபிடித்து ஓடிக்கொண்டிருந்தன. மாமா போய்ச் சேர்மன் படுத்திருந்த துணிக்கட்டின் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்தார். சேர்மன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ராயகிரியிலிருந்தே தெரிந்த தொடை. எழுந்து வந்து அதன்மேல் சுருண்டு, அடுத்த நொடி தூங்கிப்போனார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மீன் தின்றாயிற்று. இப்போது போடாவிட்டால் வீட்டுக்குப் போனதும் கோமதி தூக்கிக்கொள்வாள், அப்புறம் இறக்க மாட்டாள். சேர்மனைக் கொஞ்சுவது போல மாமாவின் மடிமேல் குனிந்தேன். இடது கையால் கழுத்துத் தோலைத் தூக்கினேன். வலது கையில் சிரிஞ்ச்.

"என்ன மாப்ள அது கையில?" மாமா கத்தினார்.

"ஒண்ணுமில்ல மாமா!"

"கேக்கல!"

"ஊசி மாமா!"

"ஊசியா? யாருக்கு?"

"சேர்மனுக்கு!"

"எந்தச் சேர்மன், இந்தச் சேர்மனா? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க! எதுக்கு ஊசி?"

இனி மறைத்துப் பயனில்லை. நல்ல மூச்சாக இழுத்துக்கொண்டேன். கவியரங்கத்தில்கூட நான் அப்படி ஒரு குரல் எடுத்ததில்லை.

"சேர்மனுக்குச் சீனி வியாதி மாமா! ஊசிலதான் உசிர் ஓடுது! ஆனா கோமதிக்குத் தெரியக்கூடாது…"

கரண்ட் போனது.

எட்டுத் தறி நின்றது. எதிர்வீட்டுத் தறி நின்றது. தெருவில் அத்தனையும் நின்றது. அந்த அமைதிக்கு நடுவே, நிறுத்தத் தெரியாத என் குரல் மட்டும், ஊர்க்கோடிக் குளத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்படி ஓடியது:

"…தெரிஞ்சா என்னைக் கொன்னுருவா, நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து அவகிட்ட முழுப் பொய்யாச் சொல்லிட்டிருக்கேன்!"

அந்த அமைதிதான் சேர்மனை எழுப்பியது. சத்தத்தில் தூங்குகிறவருக்கு அமைதி இடி மாதிரி. நாலு காலும் ஒரே நேரத்தில் மாமாவின் தொடையை விட்டுக் கிளம்ப, அவர் கிளம்பிய இடத்தில் ஊசி இறங்கியது. இறங்கியதா? கட்டைவிரல் அழுத்தியது.

"ஐயோ! குத்திட்டான்! மருமவன் குத்திட்டான்!"

இந்தக் குரலையும் தெரு கேட்டது. இதைத் தறி ஓடாத நேரத்தில் கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? உலக்கையோடு ஒருவர், விளக்குமாறோடு இருவர், பாவு நூலைக் கையில் பிடித்தபடியே அண்ணாச்சி. தெருமுனையிலிருந்து கால்நடை டாக்டர் லுங்கியோடு ஓடி வந்தார். சேர்மன் ஜன்னல் வழியாக ஓட்டுக்குத் தாவி மறைந்ததை நான் மட்டும் பார்த்தேன். மாமா துணிக்கட்டின் மேல் மல்லாந்து கிடந்தார்.

"என்ன ஊசி மாப்ள அது?"

"இன்சுலின் மாமா."

சீனிக்காரருக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. முகம் வெளிறியது. மீசையின் இரண்டு நுனியும் தொங்கின. "போச்சு! சீனி இறங்கப் போவுது! கண்ணு சொருகுது! ஏட்டி செல்லம், இனிப்புக் கொண்டா! சீக்கிரம் கொண்டாட்டி!"

அத்தை தாம்பாளத்தோடு ஓடி வந்தார். ஒரு வருஷமாக அதிரசத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர், தன் கையாலேயே பிட்டுப் புருஷன் வாயில் திணித்தார். முதல் அதிரசத்தை மாமா உயிர்ப்பயத்தில்தான் தின்றார், அதை நான் சத்தியம் செய்வேன். இரண்டாவதில் கண் திறந்தது. முந்திரிக்கொத்து வந்தபோது மீசையின் வலது நுனி மெல்ல உயர்ந்தது.

"எவ்வளவு மருந்து போச்சு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "பூனைக்குள்ள அளவு. இந்த உடம்புக்கு இது கொசுக்கடி. தின்னது போதும், நிறுத்துங்க பெரியவரே."

மாமா லட்டை விழுங்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மாட்டு டாக்டரு. மனுசனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? தள்ளாடுது வே எனக்கு! செல்லம், இன்னொண்ணு."

"ஒரு வருசமாக் காத்த உடம்ப, ஒரு நிமிசத்துல குட்டிச்சுவராக்கிட்டீகளே மாப்ள!" என்று அத்தை என்னைப் பார்த்து அழுதுகொண்டே இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் கூட்டம் விலகியது. வாசலில் கோமதி, கையில் பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், தெருவே கேட்டிருக்கிறதே. அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை அண்ணாச்சி பெண்டாட்டியிடம் கொடுத்தாள்.

"சேர்மன் எங்க?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மீன் தின்று, ஊசி விழாமல், மிரண்டு ஓடியிருக்கிறார். நான் ஓட்டில் ஏறினேன். கொல்லை, சாக்கடை, பக்கத்துத் தெருப் பழைய சரக்குக் கிட்டங்கி எல்லாம் பார்த்தோம். உலக்கையோடு வந்தவர் உலக்கையோடேயே தேடினார். டாக்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எருமையைக் கூப்பிடுகிற குரலில் பூனையைக் கூப்பிட்டார். தெருவில் அந்த அமைதியை நான் அதற்கு முன் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. யாரோ ஒருத்தரின் மூச்சு நின்ற மாதிரி இருந்தது. எதிரே காரும் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கோமதியும் பார்த்தாள்.

அப்போது கரண்ட் வந்தது.

ஒரு தறி இருமியது. இன்னொன்று. பிறகு தெரு முழுக்க அந்தப் பழைய இதயம் துடிக்கத் தொடங்கியது. தடக்கு தடக்கு. மேற்கே வெளிச்சம் செங்கல் நிறத்திலிருந்து மங்கிக்கொண்டிருக்க, ஓட்டு விளிம்பில் ஒரு செவலை வால் முளைத்தது. சேர்மன், ஒன்றுமே நடக்காதவர் மாதிரி, சாக்கடையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய், மாமாவுக்குப் பக்கத்தில் துணிக்கட்டில் படுத்துக்கொண்டார்.

"ஊசி எங்க இருக்கு?" என்று கோமதி கத்தினாள்.

மறுபடி கொதிக்க வைத்து, மருந்து ஏற்றிக் கொடுத்தேன். எப்படி என்று கையால் ஜாடை காட்டினேன். சேர்மன் இன்னும் தூங்கவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவள் அவர் நெற்றியைத் தடவினாள். "அசையாம இரு, சேர்மன்." ஒரு நொடி. அவ்வளவுதான். அவர் அவள் கையை நக்கினார்.

"இதுக்கா இவ்வளவு நாடகம்?" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து, சட்டையைச் சுருட்டி, முழங்கைவரை பார்த்தாள். பழைய கீறல், புதுக் கீறல், ஆறிய கீறல். சேர்மன் எனக்கு எழுதிக் கொடுத்த மொத்தத் தொகுப்பு.

"கருவ முள்ளு," என்றாள்.

"ஆமா," என்றேன்.

வெளியே போனாள். எனக்கு உயிர் போய் வந்தது. டிரைவரிடம் அவள் கத்தியது தறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது: "…நாளைக்கு அப்பாவும் அம்மாவும் மட்டுந்தான்! நீங்க போய்ட்டுக் காலையில வாங்க!"

மறுநாள் காலை இரண்டு குழாய் காய்ச்சினோம். சேர்மனுடையது பச்சை. மாமாவுடையது, செங்கல்லே வெட்கப்படும் சிவப்பு.

கோமதி கையில் தீனியும் ஊசியும் போன பிறகு, சில மாதங்களில் குழாய் நீலமாகவே நிற்க ஆரம்பித்தது. டாக்டரிடம் கேட்டோம். "சில பூனைக்கு இப்படிச் சரியாகுமாம், பேராசிரியர் சொல்லுதாரு. கொஞ்சங்கொஞ்சமா நிறுத்திப் பாப்போம்." நிறுத்தினோம். என் மகள் பள்ளிக்கூடம் போகிற வயசிலும் சேர்மன் அவளுக்கு முன்னால் சாக்கடை பார்த்துக்கொண்டு நடந்தார்.

மாமாவுக்குத்தான் அது குணமாகவே இல்லை. எந்தக் கல்யாணப் பந்தியிலும் ஜாங்கிரி வந்தால் வலது தொடையைத் தடவிக்கொள்வார். "மாப்ள போட்ட ஊசி இன்னும் வேலை செய்யுது. லேசாத் தள்ளாடுது. ஒண்ணு போடுங்க." அத்தை என்னை முறைப்பார். பக்கத்து இலைக்காரர் விஷயம் தெரியாமல், ஐயோ பாவம் என்று தன் இலை ஜாங்கிரியையும் எடுத்து வைப்பார்.

இப்போது எனக்குச் சீனி. போன வருஷம் டாக்டர் சொன்னபோது, தகவல் கேட்டு முதலில் போன் செய்தவர் மாமாதான், தொண்ணூறு வயசுக் குரலில்: "மாப்ள, பயப்படாதிய. யாராவது ஊசிய மாத்திக் குத்திட்டா மட்டும் சொல்லி விடுங்க, அல்வாவோட வாரேன்."

ஊசி இன்றைக்கும் கோமதிதான் போடுகிறாள். தறித் தெருவை விட்டு வந்து நாளாயிற்று. இந்த வீட்டில் அவ்வளவு அமைதி. எனக்கு முழங்கால் இரண்டும் இன்னமும் தனித்தனியாகத்தான் ஆடும். அதனால் அவள் இடது கை விரல்களால் மேஜைமேல் தட்டுவாள். தடக்கு தடக்கு. தடக்கு தடக்கு. நான் கண்ணை மூடிக்கொள்வேன். என்னை நீங்க, வாங்க என்றே சொல்லிப் பழகியவள், அந்த ஒரு நொடிக்கு மட்டும் என் நெற்றியைத் தடவிக்கொண்டு சொல்லுவாள்:

"அசையாம இரு, சேர்மன்."